எலும்பு வீரர்களை நடக்க வைத்த அக்கா

மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு கீழே தெருவைப் பார்ப்பார். சிங்கப்பூர் டன்லப் ஸ்ட்ரீட்டில் அந்த நேரத்துக்கு லாரிகள் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். எதிர்வரிசைக் கடைகளின் முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள். அவர் டம்ளரில் கோப்பியை ஆற்றியபடி ஒவ்வொருவரையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவார்.

"அந்தப் பச்சைச் சட்டைக்காரருக்கு வலது முட்டி போயிடுச்சு. அந்த அம்மாவப் பாரு, கழுத்தத் திருப்ப முடியாம உடம்போட திரும்புறாங்க. தலையில சுமந்த கழுத்து. இந்தப் பையனுக்கு ஒண்ணுமில்ல, செருப்புதான் சின்னது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் கீழே போய் அந்தப் பச்சைச் சட்டைக்காரரிடமே கேட்டுவிட்டேன். ஆறு வருஷமாக வலது முட்டி வலிக்கிறது, உனக்கு யார் சொன்னது என்று அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். மேலே வந்து சொன்னேன். தான் சொன்னது சரியாகிவிட்டதில் அவருக்கு ஒரு பெருமையும் இல்லை. "ஆறு வருஷமாவா? பாவம். பார்க்காம விட்டுட்டாரே," என்றார்.

அவருக்கு முகங்கள் மறந்துபோகும், நடை மறக்காது. ஒருமுறை தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது ஒரு சீனப் பெரியவர் அவரைப் பார்த்துச் சிரித்து மலாயில் நலம் விசாரித்தார். அக்கா அவர் யாரென்றே தெரியாமல் பதிலுக்குச் சிரித்துவைத்தார். பெரியவர் திரும்பி நாலடி நடந்ததும் அக்கா மீன் பையை என் கையில் திணித்துவிட்டு அவர் பின்னால் ஓடினார். திரும்பி வரும்போது முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "மரத்திலிருந்து விழுந்து வந்தவரு. ரெண்டு கணுக்காலும் நொறுங்கிப் போயிருந்துச்சு. இப்ப எப்படி ஊன்றாரு பாத்தியா!"

அவர் பன்னிரண்டு வருஷம் ஓர் அரசாங்க மருத்துவமனையில் எக்ஸ்-ரே எடுக்கும் வேலையில் இருந்தவர். படங்களைக் கழுவும் மருந்துத் தண்ணீர் கைக்கு ஒத்துக்கொள்ளாமல் தோல் வெடித்து ரத்தம் வர ஆரம்பித்தது. வேலையை விட்டுவிட்டார். எங்களிடம் வந்தபோது நாற்பது வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குவீன்ஸ்டவுனில் ஈரறை வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார். கைகளில் எப்போதும் தேங்காய் எண்ணெய் பூசியிருப்பார். அதனால் எங்கள் அலுவலகத்தின் எல்லாத் தாள்களிலும் ஓரத்தில் எண்ணெய்க் கறை இருக்கும்.

எங்கள் அலுவலகம் என்று பெரிதாகச் சொல்கிறேன். அது செல்வம் அண்ணனின் கைக்கடிகாரக் கடைக்கு மேல்மாடி. எண்பதுகளின் நடுவில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் வந்த புதிதில், கடிகாரமும் கால்குலேட்டரும் விற்றுக்கொண்டிருந்த செல்வம் அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரித்து வெளிநாட்டுக்கு விற்க வேண்டும் என்று ஆசை வந்தது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் சலிப்போடு வேலை பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண்ணான என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். புரோகிராம் எழுதுவது நான். கதை செல்வம் அண்ணனுடையது. படம் வரைய யாரும் இல்லாததால் அதையும் நானே செய்துகொண்டிருந்தேன்.

கதை எளிமையானதுதான். கடலுக்கு அடியில் மூழ்கிப்போன ஒரு கோட்டைக்குள் ஒரு பெண் விளக்கோடு இறங்குகிறாள். ராஜா செத்துப் பல நூறு வருஷம் ஆகியும் காவலை விடாத எலும்பு வீரர்கள் ஏழு தளங்களிலும் வாளோடு அலைகிறார்கள். வெட்டினால் எலும்பு எலும்பாகச் சிதறுவார்கள். பத்து எண்ணுவதற்குள் மறுபடி கூடி எழுந்துவிடுவார்கள். ஏற்கெனவே செத்தவர்களைக் கொல்ல முடியாது, தாண்டித்தான் போக வேண்டும்.

கடையின் முகப்பில் ஒரு டிவியில் அதை ஓடவிட்டிருந்தோம். ஒரு நாள் கைக்கடிகாரத்துக்கு வார் மாற்ற வந்த அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வரைந்த எலும்பு வீரன் திரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தம்பி, இந்த ஆளுக்கு முழங்கை எங்க?"

செல்வம் அண்ணனுக்குக் கொஞ்சம் கோபம். "இது பேய் லா, சிஸ்டர். பேய்க்கு முழங்கை எதுக்கு?"

"வாளைத் தூக்குறாருல்ல? முழங்கை இல்லாம எப்படித் தூக்குவாரு? தொடை எலும்பையும் நேரா இடுப்புல சொருகி வச்சிருக்கீங்க. இப்படி இருந்தா நடக்க முடியாது, தாவத்தான் முடியும்."

"அப்ப நீங்களே வரைஞ்சு காட்டுங்களேன்."

ரசீதின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு நிமிஷத்தில் வரைந்தார். நான் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தேன். மொத்தம் பதினைந்து கோடுகள்தான் இருக்கும். ஆனால் அந்த எலும்புக்கூடு களைத்திருந்தது. ஒரு காலில் பாரத்தைப் போட்டு மறு காலுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டு நின்றது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவர் எங்களோடு இருந்தார்.

எங்கள் திரையில் ஒரு வீரனுக்கு இருபத்து நான்கு கட்டம் அகலம், இருபத்தொரு கட்டம் உயரம். அவ்வளவுதான் இடம். கட்டம்போட்ட தாளில் எந்தக் கட்டம் கறுப்பு, எது வெள்ளை என்று அவர் பென்சிலால் நிரப்பித் தருவார். நான் அதை எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவேன். முதல் நாள் அவர் விலா எலும்புகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். பன்னிரண்டு ஜோடிக்கு அங்கே எங்கே இடம்? மூன்றுதான் வைக்க முடிந்தது.

"குறைச்சுக்கலாம். தப்பா மட்டும் வைக்கக் கூடாது," என்றார். அந்த மூன்றும் உடம்பில் சாய்ந்திருக்கும் விதமாகவே சாய்ந்திருந்தன. ஒரே ஒரு கட்டத்தை நிரப்பலாமா விடலாமா என்று ஒரு காலை முழுதும் யோசிப்பார். எனக்கு எரிச்சலாக வரும். அந்தக் கட்டத்தை நிரப்பி ஓடவிட்டுப் பார்த்தால் ஆள் மூச்சு வாங்குவது போல இருக்கும்.

செல்வம் அண்ணன் அந்த வீரர்களை 'எனிமி' என்பார். நான் நம்பர் போட்டுச் சொல்வேன். அக்கா மட்டும் 'ஆளு' என்றே சொல்வார். புது வீரன் ஒருவன் வேண்டும் என்றால் முதலில் கேட்கும் கேள்வி, "ஆளு யாரு? என்ன வேலை பார்த்தவரு?"

"கோட்டைக் காவல்காரன் லா சிஸ்டர்."

"அதுக்கு முன்னாடி?"

பிறகு அக்காவே தன் நினைவிலிருந்து ஒருவரைக் கொண்டுவருவார். எழுபதுகளில் அவருடைய எக்ஸ்-ரே மேசையில் படுத்தவர்கள் பெரும்பாலும் வயதான உழைப்பாளிகள். சிங்கப்பூர் ஆற்றில் படகிலிருந்து கரைக்குப் பலகைமேல் நடந்து அரிசி மூட்டை சுமந்தவர்கள், சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவர்கள், சிவப்புத் தலைத்துணி கட்டிக் கட்டட வேலைக்கு மண் சுமந்த சீன அம்மாக்கள், ரயில் பாதை போட்ட தமிழர்கள். யார் பெயரையும் அவர் சொன்னதில்லை. பெயர் சொல்லக் கூடாது என்பதில் மிகவும் கண்டிப்பு. ஆனால் அந்த உடம்புகள் அவருக்கு மனப்பாடம். காவடிபோலக் கம்பில் சுமை தூக்கியவருக்கு ஒரு பக்கத் தோள்பட்டைக் காறை எலும்பு எப்படித் தேய்ந்திருக்கும், மண் சுமந்த அம்மாவின் கழுத்து எங்கே அமுங்கியிருக்கும், ரிக்‌ஷாக்காரரின் முட்டிகள் எவ்வளவு விலகியிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு வரைவார்.

அவர்கள்தான் எங்கள் கோட்டையின் ஏழு தளங்களிலும் வாளோடு நின்றார்கள். இரண்டாம் தளத்தில் மூட்டை சுமந்தவர். மூன்றாம் தளத்தில் அந்த அம்மா. ஐந்தில் ரிக்‌ஷாக்காரர்.

சிதறிய எலும்புகள் மறுபடி கூடி எழுவதற்கு நான் ஒரு சுலபமான வழி வைத்திருந்தேன். சிதறும் படங்களையே பின்னாலிருந்து முன்னாக ஓட்டிவிடுவேன். அதைப் பார்த்துவிட்டு அவர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் படுத்துக்கொண்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நல்லாப் பாரு, வயசானவங்க விழுந்தா எப்படி எந்திரிப்பாங்க," என்றார். ஒருக்களித்து, கையை ஊன்றி, முட்டியில் கை வைத்து, ஒரு கணம் நின்று, பிறகு நிமிர்ந்தார். பிறகு மறுபடி படுத்து, அந்த மண் சுமந்த அம்மா எப்படி எழுவார் என்று காட்டினார். அது வேறு மாதிரி இருந்தது. தேநீர்க் கோப்பையோடு மாடியேறி வந்த செல்வம் அண்ணன், சிஸ்டர் மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்துக் கோப்பையைத் தவறவிட்டார்.

எங்களுக்குள் வந்த பெரிய தகராறு நான்காம் தளத்து வீரனால்தான்.

வீரன் வலப்பக்கம் நடக்க எட்டுப் படங்கள். இடப்பக்கம் நடக்கத் தனியாக வரைய மாட்டோம். அதே எட்டையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிக்கொள்வோம். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் அவ்வளவுதான் இடம் இருந்தது. எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். நான்காம் தளத்தில் வருபவரை அவர் இடது கால் நொண்டுபவராக வரைந்திருந்தார். நன்றாக வந்திருந்தது. ஓடவிட்டோம். ஆள் சுவர்வரை நொண்டிப் போய்த் திரும்பி வந்தார்.

"நிறுத்து, நிறுத்து. திரும்பினதும் கால் மாறிடுச்சே!"

நான் விளக்கினேன். கண்ணாடி, நினைவகம், எல்லாம் சொன்னேன்.

"அதெல்லாம் சரி. இவருக்கு இடது கால்தானே ஒடிஞ்சுது? திரும்பி வர்றப்ப வலது கால் எப்படி நொண்டும்?"

"அக்கா, வாளும்தான் கை மாறுது. அதை யாரும் கவனிக்கறதில்ல. விளையாடுறவங்க வெட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க."

"வாள் கை மாறலாம். கால் மாறாது."

செல்வம் அண்ணன் நடுவில் வந்தார். இங்கிலாந்தில் ஒரு கம்பெனி ஆட்டத்தை வாங்கி விற்க ஒப்புக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து வாரத்தில் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அவர்கள் போய்விடுவார்கள், மேல்மாடியையும் மூட வேண்டியதுதான். "சிஸ்டர், நொண்டாம நேரா நடக்க வச்சிருங்க. பிரச்சனை முடிஞ்சுது லா," என்றார்.

அக்கா எண்ணெய்க் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"இது எங்க அப்பா," என்றார்.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பலில் சரக்கு இறக்கும் வேலை அவர் அப்பாவுக்கு. பெட்டி ஒன்று சரிந்து விழுந்து இடது தொடை ஒடிந்தது. நேராகச் சேராமல் கோணலாகக் கூடிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருவில் பிள்ளைகள் அவர் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போவார்களாம். "நானும் ஒரு நாள் அப்படி நடந்தேன். எல்லாரும் சிரிச்சாங்களேன்னு நானும் நடந்தேன். அப்பா திரும்பிப் பார்த்தாரு. ஒண்ணும் சொல்லல. எனக்கு எட்டு வயசு." அப்புறம் சொன்னார்: "நான் வலது கால நொண்டுனேன். எந்தக் கால்னுகூட நான் பார்த்திருக்கல."

செல்வம் அண்ணன் கீழே கடைக்கு இறங்கிப் போய்விட்டார். அரைமணி நேரத்தில் திரும்பி வந்து என்னிடம், "மெமரில வேற எங்க இடம் எடுக்கலாம், பாரு," என்றார். ஆட்டத்தின் தொடக்கத்தில் வரும் கோட்டையின் பெரிய படம் அவருக்கு உயிர். சந்திரன், அலை எல்லாம் அவரே யோசித்தது. அதை எடுத்துவிடச் சொன்னார். அந்த இடத்தில் நான்காம் தளத்து வீரன் இடப்பக்கம் நடக்கும் எட்டுப் படங்கள் போய் உட்கார்ந்தன. எங்கள் ஆட்டம் ஒரு கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகளோடு தொடங்கும்.

எலும்பை இப்படிப் பார்க்கும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்வதில் ஒரு பயமும் இருந்தது. எனக்கு அது முதல் நாளிலிருந்தே இருந்தது.

என் முதுகெலும்பு வளைந்தது. பதினான்கு வயதில் கண்டுபிடித்தார்கள். இடது தோள் வலதைவிடத் தாழ்ந்திருக்கும். தொளதொளவென்ற சட்டை, இடது தோளில் உள்ளே தைத்த பஞ்சு, பின்னலை எப்போதும் முதுகில் விட்டுக்கொள்வது என்று பத்து வருஷமாக மறைத்து வந்தேன். அம்மாவைத் தவிர யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்தப் பதினான்கு வயதில் என் அத்தை அம்மாவிடம் சமையலறையில் சொன்னது என் காதில் விழுந்தது: "இந்த இடுப்புல புள்ள தங்குமா?" அதை நான் யாரிடமும் கேட்கவில்லை. அப்படியே நம்பிவிட்டேன்.

அக்கா என் முதுகைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஜன்னலில் உட்கார்ந்து ஊர்க்காரர்கள் எல்லாருடைய எலும்பையும் சொல்பவர், எதிரே இருப்பவளை விட்டுவைத்திருந்தார். என் பஞ்சு நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசித் தளத்தில், ராஜாவின் அறை வாசலில் நிற்கும் காவலாளியின் தாள்களை ஒரு காலை என்னிடம் கொடுத்தார். எண்களாக மாற்றும்போது எனக்கு எதுவும் தெரியவில்லை. ஓடவிட்டதும் தெரிந்தது. அந்த எலும்புப் பெண் கதவுக்கு முன்னால் நின்றாள். இடது தோள் தாழ்ந்து, முதுகு ஓர் ஆறுபோல வளைந்து, வலது இடுப்பு சற்றே தூக்கியிருந்தது. நான் நிற்பது அப்படித்தான்.

"யாரு இது?" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன்னை நினைச்சுத்தான் வரைஞ்சேன். மத்த ஆளுங்க எல்லாம் உழைச்சுத் தேஞ்சவங்க. இது மட்டும் தானா வளைஞ்சது. ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

"பேய்க்கு என் முதுகா?"

கத்தினேன் என்று நினைக்கிறேன். கீழே கடையில் பேச்சு நின்றுவிட்டது. அவர் கெஞ்சவுமில்லை, சமாதானம் சொல்லவுமில்லை. "உன்கிட்டக் கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்பு," என்றார். அந்த எட்டுத் தாள்களையும் எடுத்து, ரப்பரால் ஒவ்வொரு கட்டமாக அழித்தார். கிழித்துப் போட்டிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். மத்தியானம் வரை உட்கார்ந்து அழித்தார். பிறகு அதே தாளில் நேர்முதுகுள்ள ஒரு காவலாளியை வரைந்து தந்தார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவரும் கூப்பிடவில்லை, தினமும் என் மேசையில் கோப்பி மட்டும் இருக்கும்.

அந்த வாரத்தில்தான் அம்மா ஒரு வரன் கொண்டுவந்தார். பையனுக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. தெம்பனிஸில் புது வீடு எடுத்திருந்தார்கள். அம்மா ஒரு கனமான பட்டுப்புடவையை எடுத்து என் தோளில் மடிப்பு வைத்து வைத்துப் பார்த்தார். "இப்படிக் கட்டினா ஒண்ணும் தெரியாது. நீ எந்திரிச்சு நடக்காம உக்காந்தே இரு."

மறுநாள் நான்தான் போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, எனக்கு வெளியில தெரியுதா?"

"எனக்கு முதல் நாளே தெரியும். மத்தவங்களுக்குப் புடவை கட்டினா தெரியாது." பென்சிலைக் கீழே வைத்தார். "கடைசியா எப்ப படம் எடுத்த?"

"பதினாலு வயசுல."

"அப்புறம் பாக்கவே இல்லையா? ஏன்?"

அப்போது என் அத்தை சொன்னதைச் சொன்னேன். பத்து வருஷத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். அவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். "தம்பி, நாங்க ரெண்டு பேரும் மத்தியானத்துக்கு மேல வருவோம்," என்று கீழே செல்வம் அண்ணனிடம் சொல்லிவிட்டு என்னை பஸ்ஸில் ஏற்றினார்.

அக்கா முன்பு வேலை பார்த்த மருத்துவமனையில் நம்பர் எடுத்து வரிசையில்தான் உட்கார்ந்தோம். தெரிந்தவர்கள் கூப்பிட்டும் அவர் முந்திக்கொண்டு போகவில்லை. படம் எடுத்து ஈரம் உலர்ந்ததும் பழுப்பு உறையில் கொடுத்தார்கள். தாழ்வாரத்து ஜன்னலில் நல்ல வெளிச்சம் இருந்தது. அவர் படத்தை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். என் முதுகெலும்பை நான் அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். பதினான்கு வயதில் எனக்கு யாரும் காட்டவில்லை. டாக்டர் அப்பாவிடம் காட்டினார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன்.

அவர் மேலிருந்து விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினார். "பாரு. இங்க வளையுது. இங்க திரும்பி வருது. ஆனா ஒவ்வொரு எலும்பும் நல்லா இருக்கு, ஒண்ணும் நசுங்கல. இடுப்பு இங்க இருக்கு. இதுல ஒரு கோணலும் இல்ல."

டாக்டர் அறைக்குப் போனோம். அக்காவே கேட்டார்: "டாக்டர், இவங்க பிள்ளை பெத்துக்கலாம்தானே?" டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஏன் இதைக் கேட்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. வளைவு பதினான்கு வயதிலிருந்து அதிகமாகவில்லை, பெற்றுக்கொள்ளத் தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம் என்றார். முழுதும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் எண்ணெய் என்பதால் என்னைத் தொடாமல், முழங்கையால் என் முழங்கையை ஒட்டிக்கொண்டிருந்தார்.

பெண் பார்க்க வந்த அன்று புடவைதான் கட்டியிருந்தேன், ஆனால் பஞ்சு வைக்கவில்லை. பேச்சு நடந்துகொண்டிருந்தபோது நானே சொன்னேன், எனக்கு முதுகெலும்பு வளைந்திருக்கிறது, வேலைக்கும் வாழ்க்கைக்கும் அதனால் ஒன்றும் இல்லை, படம் வேண்டுமானால் காட்டுகிறேன் என்று. பையனின் அம்மா பலகாரத் தட்டைக் கீழே வைத்தார். நல்லபடியாகத்தான் பேசிவிட்டுப் போனார்கள். மறு வாரம், வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். அம்மா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

அலுவலகம் போனதும் அவரிடம், "அந்தக் காவலாளியைத் திரும்பப் போடுங்க அக்கா. என் முதுகையே போடுங்க," என்றேன்.

மகிழ்ந்துபோவார் என்று நினைத்தேன். அவர் தலையை அசைத்தார். "கோவத்துல எடுக்கச் சொன்ன. இப்ப வேற ஒரு வேகத்துல போடச் சொல்ற. கொஞ்ச நாள் போகட்டும்மா. அப்பவும் வேணும்னு தோணினா வரையிறேன்."

கொஞ்ச நாள் போவதற்குள் ஆட்டத்தை இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டிய நாள் வந்துவிட்டது. அதனால் அந்தக் கடைசிக் கதவுக்கு முன்னால் நேர்முதுகுள்ளவள்தான் நிற்கிறாள். எனக்கு இன்றும் அதில் ஒரு சின்ன ஏமாற்றம் உண்டு.

ஆட்டம் சுமாராக விற்றது. அடுத்த வருஷம் அங்கிருந்து ஒரு பெண்மணி எழுதிய கடிதத்தை அந்தக் கம்பெனி எங்களுக்கு அனுப்பிவைத்தது. அவருடைய மகளுக்குப் போலியோவால் இடது கால் சூம்பியிருந்தது. நான்காம் தளத்தில் வருபவர் தன்னைப் போலவே நடக்கிறார் என்று அந்தச் சிறுமி கண்டுபிடித்திருக்கிறாள். அண்ணன்மார் விளையாடும்போது அவரை வெட்ட விடமாட்டாளாம். அவர் சுவர்வரை போய்த் திரும்பும்போது ஓசைப்படாமல் தாண்டிப் போய்விடலாம் என்றும் கண்டுபிடித்திருக்கிறாள். வரைந்தவருக்கு நன்றி சொல்லச் சொன்னாள் என்று எழுதியிருந்தார்.

நான் கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று தெருவில் போன யாரைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது ஆட்டத்தை யாரும் வாங்கவில்லை. செல்வம் அண்ணன் வீடியோ ரெக்கார்டர் விற்பனைக்குப் போய்விட்டார், மேல்மாடி கிடங்கானது. நான் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். கூட வேலை பார்த்தவரையே கல்யாணம் செய்துகொண்டேன். அவரிடமும் முதலிலேயே முதுகைப் பற்றிச் சொன்னேன். "வலிக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

கடைசியாக அந்த அக்காவைப் பார்த்தது எண்பதுகளின் முடிவில். புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டு, விடுமுறை நாளில் பஸ் பிடித்துப் போனேன். எனக்கு அப்போது ஏழு மாதம். கூடத்தின் ஒரு கோடியில் அவர் வயதான சீன அம்மா ஒருவரை நடக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா இடுப்பு எலும்பு ஒடிந்து மூன்று மாதம் படுத்தே கிடந்தவராம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுந்து நின்றிருக்கிறார். பயத்தில் ஏதோ சீனத்தில் திட்டிக்கொண்டே இருந்தார். அக்கா மலாயிலும் தமிழிலும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். என் வயிற்றைப் பார்த்தார், நான் நடந்து வருவதைப் பார்த்தார்.

"உக்காரவா அக்கா?"

"அப்புறம் உக்காரலாம். நீ நல்லாத்தான் நடக்கிற. இவங்களுக்கு அந்தப் பக்கம் வந்து நில்லு. கதவு வரைக்கும் போகணும்னு கையக் காட்டுறாங்க, வெளிய மரத்தப் பாக்கணும் போல."

நான் மறுபக்கம் போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எலும்பு மட்டுமாக, லேசாக, சூடாக இருந்தது. அவர் திட்டுவதை நிறுத்திவிட்டு என் வயிற்றைக் குனிந்து பார்த்து ஏதோ கேட்டார். எங்கள் இருவருக்கும் புரியவில்லை. ஒரு காலை எடுத்து வைத்தார். நாங்கள் காத்திருந்தோம். அடுத்த காலை எடுத்து வைத்தார்.